பிரிட்டனில் வீட்டுக்குப் பசுமை மின்சாரம்: வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்றால் ஒரே வாசல்தான். தமிழ்நாட்டில் மின்வாரியம், இலங்கையில் மின்சார சபை. பிரிட்டனில் 1999 முதல் ஒவ்வொரு வீடும் தனக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வந்து இருபது ஆண்டுகள் ஆன குடும்பங்கள்கூட, வீட்டுக்குக் குடிவந்தபோது இருந்த நிறுவனத்தோடேயே இருந்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். அண்மைக் காலமாக இளையவர்கள் "நாமும் பசுமை மின்சாரத்துக்கு மாறலாமே" என்று வீட்டில் பேச்செடுக்கிறார்கள். அப்போது எழும் கேள்விகளுக்கு, விற்பனையாளரின் பார்வையிலிருந்து அல்லாமல் பணம் கட்டுபவரின் பார்வையிலிருந்து இங்கே பதில் தரப்படுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்கு இவை பொருந்தும். வட அயர்லாந்து பற்றித் தனியே சொல்லப்பட்டுள்ளது.

பசுமை நிறுவனத்துக்கு மாறினால் என் வீட்டுக் கம்பியில் வேறு மின்சாரம் வருமா?

வராது. கோயில் அன்னதானத்துக்கு நீங்கள் ஒரு மூட்டை அரிசி கொடுத்தால், பந்தியில் உங்கள் இலையில் விழும் சோறு உங்கள் மூட்டை அரிசியா, அடுத்த தெருக்காரர் கொடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே அண்டாவில் வெந்தது. காற்றாலை, அணு உலை, எரிவாயு நிலையம், வயல்வெளிச் சோலார் தகடுகள் என எல்லாமே தேசிய மின்தொகுப்பு என்ற ஒரே அண்டாவில்தான் கொட்டுகின்றன. உங்கள் வீட்டுக்கு மிக அருகில் அந்த நொடியில் எது ஓடுகிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் விளக்கை எரிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் அவருக்கும் அதே மின்சாரம்தான். நீங்கள் தேர்ந்தெடுப்பது மின்சாரத்தை அன்று, உங்கள் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்பதை. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பின்வரும் பதில்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

மின்வெட்டு குறித்த அச்சமும் இதனால் தேவையற்றதாகிறது. கம்பியையும் மின்மாற்றியையும் பராமரிப்பது அந்தந்த வட்டாரத்தின் வலையமைப்பு நிறுவனம். உங்களுக்குப் பட்டியல் அனுப்பும் நிறுவனம் அன்று. மின்சாரம் நின்றால் யாருடைய வாடிக்கையாளராக இருந்தாலும் அழைக்க வேண்டிய எண் 105 தான்.

அப்படியானால் "100 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது" என்று எப்படி விளம்பரம் செய்கிறார்கள்?

சான்றிதழ் கணக்கில். காற்றாலையோ சூரிய மின் நிலையமோ ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட், உற்பத்தி செய்யும்போது, ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் அதற்கு ஒரு சான்றிதழ் வழங்குகிறது. 2003 முதல் நடைமுறையில் உள்ள இதனை ரீகோ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஒரு நிறுவனம் ஓராண்டில் தன் வாடிக்கையாளர்களுக்கு விற்ற மின்சாரத்தின் அளவுக்கு ஈடாக இச்சான்றிதழ்களைக் காட்டிவிட்டால், தான் விற்றது முழுவதும் புதுப்பிக்கத்தக்கது என்று சொல்லிக்கொள்ள விதி இடம் தருகிறது.

சிக்கல் எங்கே என்றால், சான்றிதழும் மின்சாரமும் தனித்தனியாக விற்கப்படலாம். அன்னதான உவமையையே நீட்டினால், அரிசி கொடுத்தவர் மூட்டையை ஒரு பக்கம் ஒப்படைத்துவிட்டு, கொடுத்ததற்கான ரசீதை மட்டும் வேறொருவருக்கு விற்கிறார்; வாங்கியவர் அந்த ரசீதை மாட்டிவைத்துக்கொண்டு "இந்த அன்னதானம் என்னுடையது" என்கிறார். ஒரு நிறுவனம் பொதுச் சந்தையில் எந்த மூலத்திலிருந்து வந்ததென்று தெரியாத மின்சாரத்தை வாங்கி, பக்கத்தில் சான்றிதழ்களை மட்டும் தனியே வாங்கி அடுக்கிவிட்டால் போதும்; பெயர்ப்பலகையைப் பச்சையாக்கிவிடலாம்.

அந்தச் சான்றிதழ் என்ன விலை? பல ஆண்டுகள் ஒன்று ஒரு பவுண்டுக்கும் குறைவாகவே விற்றது. சராசரி வீடு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம் பயன்படுத்துகிறது என்று ஆஃப்ஜெம் 2023 இல் கணக்கு வகுத்தது. அப்படியானால் ஒரு வீட்டைக் காகிதத்தில் பசுமையாக்க மூன்றுக்கும் குறைவான சான்றிதழ்களே தேவை, அன்றைய விலையில் மூன்று பவுண்டு கூட ஆகாது. பின்னர் ஒரு கட்டத்தில் விலை பத்துப் பவுண்டையும் தாண்டியது உண்மை. முன்பு ஐரோப்பிய நாடுகளின் சான்றிதழ்களையும் இங்கே காட்ட முடிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது ஏற்கப்படுவதில்லை என்பதும் சந்தையை இறுக்கியது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாமா?

சட்டப்படி ஏமாற்று அன்று. ஆயினும் வாங்குபவர் மனத்தில் எழும் படத்துக்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளி பெரியது என்றே நான் கருதுகிறேன். இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. சான்றிதழ்க் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் மார்ச் வரை, மொத்தமாகப் பார்க்கப்படுகிறது. ஜூன் மாத நண்பகலில் ஒரு சோலார் வயல் உற்பத்தி செய்த யூனிட்டின் சான்றிதழை, ஜனவரி மாத இரவு எட்டு மணிக்கு நீங்கள் அடுப்பில் தோசை வார்த்த யூனிட்டுக்கு எதிராக வைத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். காற்றும் வெயிலும் இல்லாத அந்த இரவில் உண்மையில் உழைத்தது பெரும்பாலும் எரிவாயு நிலையமாகவே இருந்திருக்கும்.

நம்பத்தகுந்த பசுமை நிறுவனத்தை எப்படி அடையாளம் காண்பது?

நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் சேவையிலோ மூன்று விவரங்களைத் தேடுங்கள். முதலாவது, மின்சாரத்தையும் சான்றிதழையும் ஒரே உற்பத்தியாளரிடமிருந்து சேர்த்து வாங்குகிறார்களா என்பது. காற்றாலை உரிமையாளரோடு பல ஆண்டுகளுக்கு நேரடிக் கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனம், அந்த உரிமையாளருக்கு உறுதியான வருமானத்தைத் தருகிறது; வங்கிக் கடன் வாங்க அவருக்கு அது உதவுகிறது. சான்றிதழை மட்டும் வாங்கும் நிறுவனத்தால் அவருக்குக் கிடைப்பது சில்லறைக் காசு. இரண்டாவது, நிறுவனமே மின் நிலையங்களைக் கட்டுகிறதா, கட்டியதைச் சொந்தமாக வைத்திருக்கிறதா என்பது. மூன்றாவது, கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை நேர் செய்கிறார்களா, மணிக்கணக்கில் நேர் செய்து காட்டுகிறார்களா என்பது. ஒரு சிலரே இப்போது மணிக்கணக்குப் பொருத்தத்தை வெளியிடுகிறார்கள். அவர்களும் நூறு சதவீதம் பொருந்துகிறது என்று சொல்வதில்லை. தொண்ணூறு சொச்சம் என்று நேர்மையாகச் சொல்பவரை, நூறு என்று முழங்குபவரைவிட நான் கூடுதலாக நம்புவேன்.

ஒரு பயனுள்ள அடையாளம் ஆஃப்ஜெமின் முடிவு ஒன்றிலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் வீட்டுக் கட்டணங்களுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவரப்பட்டபோது, புதுப்பிக்கத்தக்க உற்பத்திக்குத் தாங்கள் தரும் ஆதரவு மற்ற நிறுவனங்களைவிடக் கூடுதலானது, அதனால் செலவும் கூடுதல் என்று மெய்ப்பித்த மூன்று நிறுவனங்களுக்கு மட்டும் அந்த உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது: குட் எனர்ஜி, ஈகோட்ரிசிட்டி, கிரீன் எனர்ஜி யூகே. இவற்றுக்குள்ளும் வழிமுறை ஒன்றல்ல. ஸ்ட்ரவுட் நகரில் 1990களின் நடுவில் தொடங்கிய ஈகோட்ரிசிட்டி தானே காற்றாலைகளைக் கட்டி வந்தது. குட் எனர்ஜி தன் சொந்தக் காற்றாலைகளையும் சோலார் வயல்களையும் 2022 இல் விற்றுவிட்டு, சிறு உற்பத்தியாளர்களிடம் நேரடியாக வாங்கும் பாதையில் நின்றது. மற்ற நிறுவனங்கள் எல்லாம் போலி என்பது இதன் பொருளன்று. பெரிய நிறுவனங்கள் சிலவும் காற்றாலைகளில் பெருந்தொகை முதலிட்டுள்ளன. ஆனால் நிறுவனம் எதில் முதலிடுகிறது என்பதும், அது உங்களுக்கு விற்கும் திட்டத்தின் மின்சாரம் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

எல்லா நிறுவனங்களும் தாங்கள் விற்ற மின்சாரத்தின் மூலங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2005 முதல் விதி உள்ளது. இணையதளத்தின் அடிப்பகுதியில், யாரும் சொடுக்காத ஓர் இடத்தில் அந்த அட்டவணை இருக்கும். முகப்பில் காற்றாலைப் படம் போட்டிருந்தாலும், நிறுவனத்தின் மொத்த விற்பனையில் எரிவாயு பாதியளவு இருப்பதை அங்கே காண நேரலாம். பசுமைத் திட்டம் ஒரு சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றால், அதற்கு ஒதுக்கிய காற்றாலைப் பங்கு மற்றவர்களின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும்.

"கார்பன் அற்றது" என்பதும் "புதுப்பிக்கத்தக்கது" என்பதும் ஒன்றா?

இல்லை. கார்பன் அற்றது என்ற சொல்லில் அணுமின்சாரமும் அடங்கும். ஹேஷம், சைஸ்வெல் போன்ற அணுமின் நிலையங்களை நடத்தும் ஈடிஎஃப் போன்ற நிறுவனங்கள் தம் திட்டங்களில் இச்சொல்லைப் பயன்படுத்துவது இயல்பே. அணுசக்தியை ஏற்பவருக்கு அது குறையன்று. ஏற்காதவர் சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

மறுபுறம், புதுப்பிக்கத்தக்கது என்ற பட்டியலுக்குள் மரத்தை எரிப்பதும் அடங்கும். வடக்கு யார்க்‌ஷையரில் உள்ள டிராக்ஸ் மின் நிலையம் முன்பு நிலக்கரியில் ஓடியது. இப்போது பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துண்டு உருளைகளில் ஓடுகிறது. விதிப்படி அதற்கும் சான்றிதழ் உண்டு. வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அந்தக் கார்பனை உறிஞ்ச எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்ற விவாதம் முடியவில்லை. காற்று, சூரியன், நீர் ஆகியவற்றை மட்டும் விரும்புபவர், உயிர்ப்பொருள் எரிப்பு அட்டவணையில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் மாறுவதால் புதிதாக ஒரு காற்றாலையாவது எழுமா?

நேர்மையான பதில், பெரும்பாலான திட்டங்களில் எழாது என்பதே. பிரிட்டனின் பெரிய காற்றாலைகளை எழுப்பியது வீட்டுக்காரர்களின் திட்டத் தேர்வு அன்று, அரசின் ஏல ஒப்பந்தங்கள். யார்க்‌ஷையர் கரைக்கு அப்பால் 2022 இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய ஹார்ன்சீ இரண்டாம் காற்றாலை 1.3 கிகாவாட் திறனுள்ளது. 2017 ஏலத்தில் அதற்கு ஒரு மெகாவாட் மணிக்கு 57.50 பவுண்டு, 2012 விலைமட்டத்தில், என்று உறுதி அளிக்கப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் காற்றாலைக்குத் தரப்படும். மேலே போனால் காற்றாலை திருப்பித் தரும். இந்தக் கணக்கு எல்லா நிறுவனங்களின் எல்லா வாடிக்கையாளர்களின் பட்டியலிலும் கலந்தே வருகிறது. நீங்கள் பழைய நிறுவனத்திலேயே இருந்தாலும் காற்றாலைக்குப் பங்களிக்கிறீர்கள் என்பதே இதன் பொருள். 1882 இல் லண்டன் ஹோல்பர்னில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 2024 செப்டம்பர் 30 அன்று நாட்டிங்ஹாம் அருகே ராட்கிளிஃப் நிலையம் மூடப்பட்டதோடு முடிவுக்கு வந்ததும் இத்தகைய பொதுக் கொள்கையால்தான்.

அதனால் மாறுவது வீண் என்று சொல்லவில்லை. நேரடிக் கொள்முதல் செய்யும் நிறுவனத்துக்குப் போகும் பணம், ஏல ஒப்பந்தம் கிடைக்காத சிறிய காற்றாலைக்கும், விவசாயி வைத்த சோலாருக்கும், ஆற்றோரச் சிறு நீர்மின் நிலையத்துக்கும் உயிர் தருகிறது. ஆனால் வெறும் சான்றிதழ்த் திட்டத்துக்கு மாறிவிட்டு, மனநிறைவில் வீட்டுச் சூடேற்றியை இரண்டு டிகிரி கூட்டி வைத்தால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

காற்றுக்கு விலையில்லை, பிறகு ஏன் எரிவாயு ஏறும்போது என் பசுமைப் பட்டியலும் ஏறுகிறது?

2022 இல் பலரும் கோபத்தோடு கேட்ட கேள்வி இது. மொத்தச் சந்தையில் ஒவ்வொரு அரைமணிக்கும் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக அழைக்கப்படும் நிலையத்தின் விலையே எல்லாருக்குமான விலையாகிறது. காலைச் சந்தையில் கடைசிக் கூடைத் தக்காளி என்ன விலைக்குப் போனதோ அதே விலையை முதலில் வந்த கூடைக்கும் கொடுப்பது போல. பிரிட்டனில் அந்தக் கடைசிக் கூடை பெரும்பாலான வேளைகளில் எரிவாயு நிலையமாகவே இருந்து வந்துள்ளது. உக்ரைன் போருக்குப் பின் எரிவாயு விலை தாவியபோது, 2022 அக்டோபருக்கான உச்சவரம்பு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 3,549 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. அரசு குறுக்கிட்டு அதை 2,500 அளவில் நிறுத்தியது. காற்றாலையில் வாங்குவதாகச் சொன்ன நிறுவனங்களும் சந்தை விலையையே கொடுக்க வேண்டியிருந்ததால் அவர்களின் பட்டியலும் ஏறியது. நீண்டகால ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் ஓரளவு தாங்கினார்கள்.

பசுமைத் திட்டம் கூடுதல் விலையா? எப்படி ஒப்பிடுவது?

சான்றிதழ்த் திட்டங்கள் சாதாரணத் திட்டங்களின் விலையிலேயே, சில நேரம் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். விலக்குப் பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலும் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதை விளம்பரத்தில் பார்க்காமல் உங்கள் பட்டியலை வைத்துக் கணக்கிடுங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை கிலோவாட் மணி, அதாவது யூனிட், என்று பட்டியலில் இருக்கும். அதனை யூனிட் விலையால் பெருக்கி, நாள்தோறும் வரும் நிலைக்கட்டணத்தை 365 ஆல் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுச் செலவு வந்துவிடும். 2,700 யூனிட் வீட்டில் யூனிட்டுக்கு இரண்டு பென்ஸ் கூடினால் ஆண்டுக்கு 54 பவுண்டு கூடும். நிலைக்கட்டணம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால், லண்டனில் இருக்கும் அண்ணனின் கணக்கை லிவர்பூலில் இருக்கும் தங்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உச்சவரம்பு என்ற சொல்லைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அது யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் தான் வரம்பு; உங்கள் மொத்தப் பட்டியலுக்கு அன்று. செய்தியில் வரும் தொகை ஒரு சராசரி வீட்டுக்கானது. பெரிய கூட்டுக் குடும்பம் கூடுதலாகப் பயன்படுத்தினால் அதைத் தாண்டியே கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது மாறும். விலை மாறாத ஒப்பந்தத் திட்டங்களுக்கு அது பொருந்தாது.

வீட்டுச் சூடேற்றும் எரிவாயுவும் பசுமையாகுமா?

சில நிறுவனங்கள் சாண எரிவாயு போன்ற உயிர்வாயுவைச் சிறு பங்கு கலப்பதாகவும், மிச்சத்துக்கு எங்கோ மரம் நடுவதாகவும் சொல்கின்றன. உங்கள் கொதிகலனில் எரிவது பெரும்பகுதி பூமிக்கடியிலிருந்து எடுத்த வாயுதான். இந்தப் பங்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் பரிந்துரைப்பதில்லை.

வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு இந்த உரிமை உண்டா?

மின்கட்டணத்தை நிறுவனத்துக்கு நீங்களே நேரடியாகக் கட்டினால் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரி இருக்கலாம், தெரிவித்துவிட்டால் போதும். மீட்டரையே மாற்றுவதாக இருந்தால் ஒப்புதல் கேட்பது நல்லது. வாடகையோடு மின்சாரமும் சேர்ந்திருந்தால் தேர்வு உரிமையாளருடையது. ஆனால் அவர் உங்களிடம் தனியாக மின்கட்டணம் வாங்கினால், தான் கொடுத்த விலைக்கு மேல் வைத்து விற்க விதி இடம் தருவதில்லை. ஒரே வீட்டில் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸ்மார்ட் மீட்டர் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆயினும் பசுமைக்கு உண்மையில் உதவும் திட்டங்கள், பயன்பாட்டைத் தானே நிறுவனத்துக்கு அனுப்பும் இந்த மீட்டர் இல்லாமல் கிடைப்பதில்லை. காற்று பலமாக வீசும் இரவில் மின்சாரம் மலிவாகவும், எல்லாரும் சமைக்கும் மாலை நான்கு முதல் ஏழு மணி வரை விலை ஏறியும் இருக்கும் திட்டங்கள் இவை. அரைமணிக்கு அரைமணி விலை மாறும் திட்டம் ஒன்றை ஆக்டபஸ் என்ற மின்விற்பனை நிறுவனம் 2018 இல் கொண்டுவந்தது. காற்று மிகுந்த சில இரவுகளில் விலை சுழியத்துக்கும் கீழே போய், பயன்படுத்தியவருக்கே பணம் வரும். மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கும், துணி துவைக்கும் எந்திரத்தை நள்ளிரவுக்கு நேரம் வைத்து ஓடவிடப் பொறுமை உள்ளவருக்கும் இது ஏற்றது. மாலை ஆறு மணிக்குக் குக்கரும் கிரைண்டரும் அடுப்பும் ஒன்றாக ஓடும் வீட்டுக்கு ஏற்றதன்று. அந்த வீட்டுக்கு ஒரே விலைத் திட்டம்தான் மலிவு.

இரவில் ஏழு மணிநேரம் மலிவான பழைய எகானமி 7 திட்டமும் இன்னும் உண்டு. பழைய மீட்டர்கள் பலவற்றைப் பகலுக்கும் இரவுக்கும் மாற்றியது பிபிசியின் நெடு அலை வானொலியில் காதுக்குக் கேட்காமல் கலந்து அனுப்பப்பட்ட ஒரு சமிக்ஞை. 2025 கோடையில் அது படிப்படியாக நிறுத்தப்படத் தொடங்கியது. உங்கள் பெற்றோர் வீட்டில் மீட்டரின் பக்கத்தில், அந்தச் சமிக்ஞையை வாங்கும் கறுப்புப் பெட்டி ஒன்று தனியாக இருந்தால், நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்.

கூரையில் சோலார் தகடு வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தைத் தேர்வது?

நீங்கள் வாங்கும் நிறுவனமும் விற்கும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2010 முதல் 2019 மார்ச் வரை இருந்த பழைய ஊக்கத்தொகைத் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டபின், 2020 ஜனவரி 1 முதல் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி நடைமுறையில் உள்ளது. 150,000 க்கு மேல் வீட்டு வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒவ்வொரு நிறுவனமும், நீங்கள் மின்தொகுப்புக்கு அனுப்பும் யூனிட்டுக்கு ஏதாவதொரு விலை தந்தாக வேண்டும். விதி சொல்வது சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று மட்டுமே; ஆகவே ஒருவர் தருவதைப் போல் பல மடங்கு இன்னொருவர் தருவதைக் காணலாம். இந்த ஒப்பீட்டில் செலவிடும் அரைமணி நேரம், வாங்கும் விலையில் செலவிடும் அரைமணியைவிடக் கூடுதலாகப் பலன் தரும். சோலார் போன்றவற்றைப் பொருத்துபவர்களின் தரத்துக்கு வழங்கப்படும் எம்சிஎஸ் சான்று பெற்றவர் பொருத்தியதாகவும், அரைமணிக் கணக்கைக் காட்டும் மீட்டர் உள்ளதாகவும் இருக்க வேண்டும். புதிதாகப் பொருத்துபவருக்கு, வீட்டுச் சோலாருக்கான வாட் வரி 2027 மார்ச் 31 வரை சுழியம்.

சிறிய பசுமை நிறுவனம் மூழ்கிப்போனால் என் மின்சாரமும் பணமும் என்ன ஆகும்?

மின்சாரம் நிற்காது. 2021 இல் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூடப்பட்டன; அவற்றில் என் வீட்டின் நிறுவனமும் ஒன்று. விளக்கு ஒரு கணமும் அணையவில்லை. ஆஃப்ஜெம் வேறொரு நிறுவனத்தை நியமிக்க, கணக்கில் இருந்த முன்பணமும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் மலிவான திட்டம் போய், அன்றைய உச்சவரம்பு விலைத் திட்டம் வந்தது. பசுமையென்று பெயர் பெற்றிருந்த பல்ப், 2021 நவம்பரில் அரசின் சிறப்பு நிர்வாகத்துக்குப் போய், 2022 டிசம்பரில் ஆக்டபஸுக்குக் கைமாறியது.

மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், டைரக்ட் டெபிட்டில் நூற்றுக்கணக்கான பவுண்டு முன்பணம் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதும் போதுமான காப்பு. கூடுதலாகச் சேர்ந்திருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

மாறுவதற்கு என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நாள் ஆகும்?

புதிய நிறுவனத்தில் முகவரியும் வங்கி விவரமும் கொடுத்துச் சேர்ந்தால் போதும். பழைய நிறுவனத்துக்குப் புதியவர்களே சொல்லிவிடுவார்கள். 2022 கோடையிலிருந்து ஐந்து வேலைநாட்களுக்குள் மாற்றம் முடிகிறது. சேர்ந்த பின் மனம் மாறினால் 14 நாட்களுக்குள் விலகலாம். விலை மாறாத ஒப்பந்தத்தில் இருப்பவர் இடையில் விலகினால் அபராதம் உண்டு, கடைசி 49 நாட்களில் இல்லை. பழைய நிறுவனம் ஆறு வாரத்துக்குள் இறுதிப் பட்டியல் தர வேண்டும். பாக்கி 28 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் மாற்றத்தைத் தடுக்கலாம். முன்பண மீட்டர்காரர்களுக்கு மட்டும் ஓர் எரிபொருளுக்கு 500 பவுண்டு வரை கடனோடேயே மாற வழி உண்டு.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர்களிடமும் தொலைபேசி அழைப்புகளிலும் என்ன கவனம் தேவை?

நம் வீடுகளில் பகலில் தனியாக இருப்பவர் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ தான். ஆங்கிலத்தில் விரைவாகப் பேசுபவரை மறுக்கக் கூச்சப்பட்டு, மரியாதைக்காக "யெஸ், யெஸ்" என்று சொல்வது நம் வழக்கம். அந்தச் சொல்லே ஒப்புதலாகப் பதிவாகிவிடக்கூடும். மின்பட்டியலைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏனெனில் மீட்டருக்குரிய எண் அதில்தான் இருக்கிறது. அறியாமல் கணக்கு மாறிவிட்டால் அதற்குத் தவறான மாற்றம் என்று பெயர். இரு நிறுவனங்களில் எதையேனும் அழைத்து அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டால் பழைய இடத்துக்குத் திருப்பி விடுவது அவர்கள் கடமை. முதியவரும் நோயாளியும் உள்ள வீடுகள், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காக நிறுவனங்கள் வைத்திருக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம், கட்டணமில்லை. நிறுவனம் மாறும்போது அந்தப் பதிவு இருக்கிறதா என்று மறுபடி சரிபார்க்க வேண்டும். குளிர்கால உதவியாகத் தகுதியுள்ள வீடுகளுக்குக் கிடைக்கும் 150 பவுண்டு தள்ளுபடியைப் புதிய நிறுவனம் வழங்குகிறதா என்பதையும் மாறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமில்லை.

வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு?

அங்கே ஆஃப்ஜெமும் இல்லை, மேலே சொன்ன உச்சவரம்பும் இல்லை. அயர்லாந்துத் தீவு முழுவதும் ஒரே மொத்த மின்சந்தை. ஒழுங்காற்று அமைப்பு யூட்டிலிட்டி ரெகுலேட்டர். நிறுவனத்தை மாற்றும் உரிமை உண்டு, விற்பவர்கள்தான் குறைவு.

நிறுவனத்தோடு பிணக்கு வந்தால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றாலோ, இனிமேல் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று அவர்கள் கடிதம் தந்தாலோ, இத்தகைய பிணக்குகளை விசாரிக்கும் நடுவரான எரிசக்தி ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். அவருடைய தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நிறுவனத்தின் தவறால் விட்டுப்போன பழைய பாக்கி என்று திடீரெனப் பெருந்தொகை கேட்டால், கடந்த 12 மாதங்களுக்கு முந்தையதை வசூலிக்க முடியாது என்ற விதியைச் சுட்டிக்காட்டுங்கள். பசுமை நிறுவனம் என்பதற்காக இதில் எவருக்கும் சலுகை இல்லை.